தலையைத் திறக்க முன்னம் காட்டுங்கோ

2022 ஆகஸ்ட்டில் ஒரு செய்தி எல்லாருடைய வட்ஸ்அப்பிலும் சுற்றித் திரிந்தது. பிரேசிலில் தலை ஒட்டிப் பிறந்த இரண்டு பெடியளை, பெர்னார்டோவையும் ஆர்தரையும், நாலு வயசாகப்போகிற நேரத்தில் பிரித்தெடுத்துவிட்டார்கள். மொத்தம் ஏழு ஒப்பரேசன். கடைசி இரண்டுக்கு மட்டும் 33 மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. கிட்டத்தட்ட நூறு பேர் அதில் வேலை செய்தார்கள். இந்த வேலையை வழிநடத்தியவர் லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் வைத்தியசாலையின் நூர் உல் ஒவாசே ஜீலானி, காஷ்மீரில் பிறந்தவர். ரியோவில் அவரோடு நின்றவர் கப்ரியேல் முஃபரெஜ்.

செய்தியைப் பெரிதாக்கினது இன்னொரு விசயம். கத்தியைத் தொட முதல் மாதக்கணக்காக அவர்கள் பழகிப் பார்த்தார்கள். பிள்ளைகளின் ஸ்கான்களில் இருந்து கொம்பியூட்டரில் உருவாக்கின மூளையை நடுவில் வைத்து, வி.ஆர். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருத்தர் லண்டனிலும் மற்றவர் ரியோவிலும் இருந்தபடி ஒரே அறைக்குள் நிற்பதுபோல் நின்று, எந்த நாளத்தை எப்போது பிரிப்பது என்று பார்த்தார்கள். உண்மையான ஒப்பரேசனில் ஒருக்கால்தான் வெட்டலாம். அங்கே எத்தனை தரமும் வெட்டலாம்.

அதே ஆகஸ்ட்டில் நாங்கள் கியூ.ஆர். கோட்டைப் போனில் வைத்துக்கொண்டு பெற்றோல் கியூவில் நின்றோம். அதே வருசம் மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்து இல்லாமல் அவசரமில்லாத ஒப்பரேசன்களை நிறுத்தியிருந்தது. அந்த வீடியோவை எங்கட குழுவுக்குள் பகிர்ந்தவனுக்குக் கீழே வந்த முதல் பதில், "உது எங்களுக்கில்லை மச்சான்." இரண்டாவது பதில், கனடாவில் இருக்கிற ஒருத்தரின்ர: "எவ்வளவு முடியும் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ, இஞ்ச சேர்த்து அனுப்பலாம்."

இந்த இரண்டு பதிலும் பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். மூளை ஒப்பரேசனில் வி.ஆர்., ஏ.ஆர். எங்களுக்குத் தேவையில்லாத ஆடம்பரம் என்பதும் சரியில்லை. காசைச் சேர்த்து ஒரு கண்ணாடியை வாங்கித் தியேட்டருக்குள் வைத்தால் முன்னேறிவிட்டோம் என்பதும் சரியில்லை. அந்தத் தொழில்நுட்பம் எங்கட பக்கத்துக்கு எந்த வாசலால் முதலில் வரவேணும் என்பதுதான் கேள்வி. எங்கட பதில்: தியேட்டர் வாசலால் இல்லை. நோயாளியின்ர சொந்தக்காரர் காத்திருக்கிற வாங்கில் பக்கத்தால்.

முதலில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவோம். வி.ஆர். என்றால் கண்ணை முழுக்க மூடி வேறொரு இடத்துக்குள் கொண்டுபோவது. நோயாளியின்ர சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்கள் உடம்பை மெல்லிய துண்டு துண்டாகக் காட்டுகிறவை. பாண் சீவினதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கோ. அந்தத் துண்டுகளைக் கொம்பியூட்டர் திரும்ப அடுக்கி முழு மூளையாக்கும். நாளம் ஒரு நிறம், கட்டி ஒரு நிறம். அதற்குள் தலையை விட்டு நாலு பக்கமும் பார்க்கலாம். இது ஒப்பரேசனுக்கு முதல் நாள் செய்கிற வேலை. ஏ.ஆர். என்றால் கண் திறந்தே இருக்கும். எதிரில் படுத்திருக்கிற உண்மைத் தலைக்கு மேல், கட்டி உள்ளே எங்கே கிடக்கு என்று கோடு கீறினமாதிரி ஒரு படம் விழும். இது ஒப்பரேசன் நடக்கிற நேரத்து வேலை. எங்கட அப்பம்மா ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "வெத்திலையில மை போட்டுப் பாக்கிறமாதிரி" என்றா. மைக்குப் பின்னால் ஸ்கான் இல்லை என்பதைத் தவிர உவமை மோசமில்லை.

புதுசு புதுசு என்று சொல்லுகிறார்களே தவிர, இதன் வேர் பழசு. தலைக்குள் போகாமலே உள்ளே பார்க்கலாம் என்ற கதவைத் திறந்தது சி.ரி. ஸ்கான். லண்டனில் 1971 இல் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள்; அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மக்கிற்கும் 1979 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1986 இல் அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ரொபேர்ட்ஸும் கூட்டாளிகளும் ஸ்கானில் தெரிந்த கட்டியின் விளிம்பை, ஒப்பரேசன் செய்கிறவர் பார்க்கிற நுணுக்குக்காட்டிக்குள்ளேயே விழுத்திக் காட்டினார்கள். அதுதான் ஏ.ஆர்., அந்தப் பெயர் இல்லாமல். எங்களில் ஒருத்தரும் அப்போது பிறக்கவில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் 2020 ஜூனில் தலையில் மாட்டுகிற ஏ.ஆர். கண்ணாடியோடு உயிருள்ள நோயாளிக்கு ஒப்பரேசன் செய்தார்கள் என்று பெரிய செய்தி வந்தது. அது முள்ளந்தண்டில். எலும்பு அசையாது, அதனால் அங்கே லேசு. மூளை அப்படியில்லை.

பழகிப் பார்க்கிற பக்கத்துக்கு வேறொரு வேர் இருக்கு. 'சேர்ஜிக்கல் தியேட்டர்' என்ற அமெரிக்கக் கொம்பனியின் மூளைப் பயிற்சி மென்பொருள் விமானிகளின் பயிற்சிக் கருவியில் இருந்து வந்தது. அதைத் தொடங்கின இருவர் இஸ்ரேலிய விமானப்படையில் எஃப்-16 விமானிகளைப் பழக்கும் கருவியில் வேலை செய்தவர்கள். கிபீர் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடின ஊரில் இருந்து இதை வாசிக்கும்போது ஒரு நிமிசம் நிப்பாட்டித்தான் அடுத்த வரிக்குப் போகவேண்டியிருக்கு. ஆனாலும் கருவி கருவிதான். குண்டு போடப் பழகினமாதிரி கட்டி எடுக்கவும் பழகலாம்.

பழகினால் பலன் இருக்குதா? இருக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் 2002 இல் வெளியான ஆய்வு இன்னும் எடுத்துக்காட்டப்படுகிறது. 16 பயிற்சி வைத்தியர்கள், பாதிப்பேர் வி.ஆரில் பழகினவர்கள், மீதிப்பேர் வழமைபோலப் படித்தவர்கள். பழகினவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 வீதம் வேகமாகச் செய்தார்கள். மற்றவர்கள் சராசரியாக ஆறு மடங்கு பிழை விட்டார்கள். பித்தப்பைக்கும் மூளைக்கும் வித்தியாசம் உண்டு, சின்ன ஆய்வும்தான். ஆனால் முதல் பிழையை நோயாளியில் விடுகிறதை விட மெசினில் விடுகிறது நல்லது என்பதை மறுக்க ஆய்வு தேவையில்லை. கனடாவில் தேசிய ஆய்வு மன்றம் உருவாக்கின மூளைப் பயிற்சிக் கருவியில், கட்டியைத் தொடும்போது கைக்கு அந்த இறுக்கமும் தெரியும். கண்ணுக்கு மட்டுமில்லை, கைக்கும் பொய் சொல்லுகிற மெசின்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் தியேட்டருக்குள் கொண்டுவர ஏன் தயங்குகிறோம்?

கீரிமலைக் கேணியில் குளித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணி, அடி தெரியும். கீழே ஒரு காசு கிடக்கும். குனிந்து கையை விட்டால் காசு அந்த இடத்தில் இராது. கண் காட்டின இடம் ஒன்று, காசு கிடக்கிற இடம் இன்னொன்று. தண்ணி கொஞ்சம் கலங்கினால் இன்னும் மோசம். ஏ.ஆரின் பெரிய சிக்கல் இதுதான். ஸ்கான் எடுத்தது நேற்று, மண்டையோடு மூடியிருந்தபோது. இன்று ஓட்டைத் திறந்து, மூளையைப் போர்த்தியிருக்கிற சவ்வை வெட்டினவுடன் உள்ளே இருக்கிற நீர் வடியும், மூளை தாழும். மூளை என்பது புத்தகத்தில் இருக்கிறமாதிரி இறப்பர்ப் பந்தில்லை, இளம் நுங்குமாதிரி. அது ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் நகரலாம். கட்டியைக் கொஞ்சம் எடுக்க, மிச்சம் இன்னும் நகரும். கண்ணாடியில் விழுகிற படமோ நேற்றைய இடத்திலேயே நிற்கும். மூளைக்குள் ஒரு சென்ரிமீற்றர் என்பது கதைக்கிறதுக்கும் கதைக்காமல் போறதுக்கும் இடையிலான தூரம்.

இதைச் சரிப்படுத்த வழி இருக்கு. ஒப்பரேசன் நடுவில் திரும்ப அல்ட்ராசவுண்ட் பிடிப்பார்கள். வசதியான இடங்களில் தியேட்டருக்குள்ளேயே எம்.ஆர்.ஐ. இருக்கும். ஆக, கண்ணாடி தனிய வேலை செய்யாது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு மெசின் வேணும். கண்ணாடியின் விலையைக் கேட்கிறவர்கள் அந்த நாலின் விலையைக் கேட்கிறதில்லை.

இன்னொன்று கண்ணின் குணம். 2013 இல் ரொறன்ரோ ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூக்கு வழியாக மண்டையோட்டின் அடிப்பகுதிக்குப் போகிற ஒப்பரேசன், பதப்படுத்தின உடம்பொன்றில். ஒரு பகுதியினருக்கு ஏ.ஆர். கோடுகள், மற்றவர்களுக்கு வெறும் கமெராப் படம். ஏ.ஆர். காரர் இலக்கைத் திறமாகத் தொட்டார்கள். ஆனால் பார்வைக்குள்ளேயே ஒரு ஸ்குரூ கிடந்தது. அதை அவர்களில் அநேகமானோர் காணவில்லை. மற்றப் பகுதியினரில் கண்டவர்கள் கூட. கோடு காட்டுகிற இடத்தைத்தான் கண் பார்க்கும். ஜிபிஎஸ் சொல்லுகிறது என்று வாய்க்காலுக்குள் காரை விட்டவர்களின் கதை எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது, கொம்பனி. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிற கண்ணாடி மைக்ரோசொஃப்டின் ஹோலோலென்ஸ். 2016 இல் வந்தது, 2019 இல் 3500 டொலருக்கு இரண்டாவது வந்தது. 2024 ஒக்ரோபரில் இனிச் செய்யமாட்டோம் என்று கொம்பனி சொல்லிவிட்டது. எத்தனை வைத்தியசாலைகள் அதை நம்பி மென்பொருள் எழுதியிருக்கும்? பணக்கார நாடுகளே அம்போ என்று நிற்கும்போது, நாங்கள் சேர்த்து வாங்குகிற ஒன்று பழுதானால் யார் வந்து திருத்துவது? திறப்புவிழாவுக்கு நாடா வெட்டி, படம் எடுத்து, பிறகு உதிரிப்பாகம் இல்லாமல் துணி போர்த்திக் கிடக்கிற மெசின்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். பெயர் சொல்லவில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களின் காசைக் குறை சொல்லவும் வரவில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் நடந்து காசு சேர்த்தார்கள். அது நின்று நிலைத்து, இன்றைக்கும் சனத்துக்குப் பயன்படுகிறது. தேவை எது என்று தெரிந்து கொடுத்ததால் வந்த பலன் அது.

எங்கட தேவை எது? இங்கே தலையைத் திறக்கவைக்கிற முதல் காரணத்தை அறிய ஆராய்ச்சி வேண்டாம், காங்கேசன்துறை வீதியில் பின்னேரம் ஒரு மணித்தியாலம் நின்றால் போதும். மோட்டச்சைக்கிள். ஹெல்மெற் ராங்கியில் தொங்கும், தலையில் இராது. மண்டையோட்டுக்கும் சவ்வுக்கும் இடையில் இரத்தம் கட்டினால் நேரம்தான் மருந்து. கீரிமலையில் இருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு இருபது கிலோமீற்றர் அளவில். அங்கே இப்போது நரம்பியல் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். முந்தி தலை ஒப்பரேசன் என்றால் கொழும்பு, வசதி இருந்தால் வேலூர், மதறாஸ். வேலூரில் 1949 இல் ஜேக்கப் சாண்டியும், மதறாஸில் 1950 இல் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்த பிரிவுகளுக்குக் கடல் தாண்டிப் போனவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடினபிறகு கொழும்புக்குப் போறதுக்கும் பிளேன் அல்லது கப்பல்தான். அந்த நாட்களில் தலையில் அடிபட்டவர்களை நினைத்தால் இன்றைய நிலை எவ்வளவோ மேல்.

இடையில் ஒன்று. இலவச அம்புலன்ஸ் சேவையின் நம்பர் 1990. 2018 இல் வடக்குக்கும் வந்தது. எங்கட ஊர்ச் சனத்துக்கு 1990 என்றால் வேற ஞாபகம்: வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வெளிக்கிட்ட வருசம். பலர் திரும்பி வந்து அந்தக் காணியை மிதிக்க இருபது வருசத்துக்கு மேல் எடுத்தது. எங்களில் சிலர் பிறந்ததே நலன்புரி முகாமில். அம்மம்மாக்களுக்கு இந்த நம்பரைச் சொல்லிக்கொடுக்கிறது உலகத்திலேயே லேசான வேலை, ஒருத்தரும் மறக்கமாட்டினம்.

ஆக, விபத்தில் வருகிற தலைக்கு முதலில் தேவை அம்புலன்ஸ், சி.ரி., இரத்தம், தூங்காத ஒரு சத்திரசிகிச்சையாளர், ஒரு ஐ.சி.யூ. கட்டில். இது எங்கட பிரச்சினை மட்டுமில்லை. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் தேவையான மூளை, நரம்பு ஒப்பரேசன் கிடைக்காமல் போகிறவர்கள் வருசத்துக்கு ஐம்பது லட்சம் பேர் என்று 2018 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்த ஐம்பது லட்சத்துக்குக் கண்ணாடி பதில் இல்லை.

அப்படியென்றால் "உது எங்களுக்கில்லை" என்றவன் சொன்னது சரியா? இல்லை. விபத்தைப் போலில்லாமல் கட்டிக்கு நேரம் இருக்கும். இரண்டு கிழமை, சிலவேளை இரண்டு மாதம். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் முடிவெடுக்கவேணும். அங்கேதான் எங்கட சனம் குருடாக நிற்குது.

எங்கட குழுவில் ஒருத்தியின்ர மாமாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் கட்டி. ஒரு பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். எது என்பது இங்கே முக்கியமில்லை. டொக்டர் நல்லவர், அவசரமாக இருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் ஒரு வட்டம் காட்டினார். அவர் கதைத்தது மாமிக்கு விளங்காத பாசையில். கூட்டித் துடைக்கிற ஐயா ஒருத்தர் இடையில் நின்று சொன்னார்: "கட்டியாம், எடுக்கவேணுமாம், பயப்படவேண்டாமாம்." மாமி கையெழுத்து வைத்தா. பத்திரத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவவுக்குத் தெரியாது. மாமா பிழைத்தார். வலது கை வேலை செய்யவில்லை. ஏழு வருசமாக அந்த வீட்டில் நம்புகிற கதை, "டொக்டர் பிழையா வெட்டிப்போட்டார்." பிறகு எங்கட குழுவில் மருத்துவம் படிக்கிறவன் பழைய ஸ்கானை வாங்கிப் பார்த்தான். வலது கையை அசைக்கிற பகுதிக்கு மேலேயே கட்டி ஏறி இருந்திருக்கு. கை போகலாம், விட்டால் உயிர் போகலாம் என்ற தெரிவுதான் அன்றைக்கு இருந்தது. அதை டொக்டர் சொல்லியும் இருக்கலாம். நடுவில் நின்ற ஐயா அந்த வசனத்தை விட்டிருக்கலாம். மாமி அதைக் காணவில்லை, அவ்வளவுதான்.

1987 இல் இருந்து தமிழும் அரசகரும மொழி. சட்டப் புத்தகத்தில் இருக்கு. மாமியின் கையில் தந்த பத்திரத்தில் இல்லை. ஆனால் பத்திரத்தைத் தமிழாக்கினால் மட்டும் முடிந்துவிடுமா? "இயக்கப் புறணிக்கு அண்மையில்" என்று சுத்தத் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் மாமிக்கு அது ஒன்றுதான். ஒரு போனை அட்டைப் பெட்டிக் கண்ணாடிக்குள் செருகி, "இஞ்ச பாருங்கோ, இது மாமாவின்ர தலை. இந்தச் சிவப்பு கட்டி. அதுக்குக் கீழ இருக்கிற இந்த மடிப்புத்தான் வலது கையை ஆட்டுறது. இதை எடுக்கேக்க அதில கை பட்டால் இப்பிடி வரும்" என்று காட்டியிருந்தால்? மாமி அப்போதும் கையெழுத்து வைத்திருப்பா. கை போயிருக்கும். ஏழு வருசக் கோபம் இருந்திராது. அல்லது வைக்காமல் விட்டிருப்பா. அதுவும் அவவின்ர உரிமை.

இதற்கு 3500 டொலர் தேவையில்லை. அட்டைக் கண்ணாடியை கூகிள் 2014 இல் வெளியிட்டது. கொம்பனி அதை விற்கிறதை நிப்பாட்டினாலும் வடிவம் எல்லாருக்கும் கிடைக்கும், பிஸ்கற் பெட்டியில் வெட்டியே செய்யலாம். ஸ்கான் துண்டுகளை முழு மூளையாக அடுக்க '3டி ஸ்லைசர்' என்ற மென்பொருள் இருக்கு. 1998 இல் பொஸ்ரனில் தொடங்கினது, இலவசம், சாதாரண லப்டொப்பில் ஓடும். இல்லாதது ஒன்றுதான்: அதைச் செய்கிறதுக்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்கு ஒரு மேசையும். கட்டியின் விளிம்பை ஒவ்வொரு துண்டிலும் சரிபார்த்து நிறம் தீட்ட மணித்தியாலக்கணக்கு ஆகலாம். கிளினிக்கில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது டொக்டரிடம் அதைக் கேட்கிறது அநியாயம். ஆனால் யாழ்ப்பாணத்தில் 1978 இல் இருந்து மருத்துவபீடம் இருக்கு. கொம்பியூட்டர் படிக்கிற பெடிபெட்டையள் இருக்கினம். டொக்டர் சரிபார்த்து ஒப்பமிட, படத்தைத் தயாரிக்கிற வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம். நாங்களும் வரத் தயார்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இரண்டைச் சொல்லவேணும். ஒன்று, தலை ஸ்கானில் இருந்து மூளையை மட்டுமில்லை, முகத்தையும் கட்டியெழுப்பலாம். பெயரை அழித்துவிட்டால் ஆள் யார் என்று தெரியாது என்று நினைக்கிறது பிழை. முகத்தையும் மென்பொருளால் அழித்த பிறகுதான் அது ஒருத்தரின் லப்டொப்புக்குப் போகவேணும். ஊர் சின்னது, ஆருக்கு என்ன வருத்தம் என்பது சந்தைக்கு வர ஒரு மணித்தியாலம் காணும். இரண்டு, வடிவான படம் ஆளை மயக்கும். மூளைக் கட்டிகளில் சில வகை வெங்காயம்போலத் தனியாக இருக்காது. வேர் விட்டு நல்ல இழையத்துக்குள் ஓடியிருக்கும். படத்தில் தெரிகிற சிவப்பு விளிம்பு, யாரோ ஒருத்தர் "இது வரைக்கும் கட்டி" என்று முடிவெடுத்துக் கீறின கோடு. சிவப்பை எடுத்தால் வருத்தம் போய்விடும் என்று குடும்பம் நம்பிவிடும். தனியார் வைத்தியசாலை ஒன்று இதை விளம்பரத்துக்கு எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. அதனால் காட்டுகிறவர் விளிம்பையும் காட்டவேணும், விளிம்பில் உள்ள பொய்யையும் சொல்லவேணும்.

காட்டுதல் என்று வரும்போது மானிப்பாயைச் சொல்லாமல் போக முடியாது. 1847 இல் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், எங்கட பெடியளுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். முதலில் இங்கிலிசில். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவன் ஊரோடு நிற்பான் என்பது அதற்கு அவர் கண்ட ஒரு நியாயம். உடற்கூற்று நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று தமிழாக்கினார், 'இரணவைத்தியம்' என்று சத்திரசிகிச்சை நூலைக் கொண்டுவந்தார். பெயர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் உடம்புக்குள் இருப்பதைத் தமிழ்ச் சனத்துக்குத் தமிழில் காட்டவேணும் என்று நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் ஒரு வெளிநாட்டுக்காரர் மினக்கெட்டிருக்கிறார். வி.ஆர். இருக்கிற காலத்தில் நாங்கள் விரலால் வட்டம் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கிறீனின் மற்றக் கவலை இன்னும் அப்படியே இருக்கு. இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணராக வெளிநாட்டில் ஒரு காலம் பயிற்சி எடுக்கவேணும். போகிறவர்கள் எல்லாரும் திரும்புகிறதில்லை. 2022 க்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அவர்களைத் திட்டுகிற ஆட்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் பயிற்சியின் ஒரு பங்கு இங்கே வந்தால்? அலபாமாவின் பேர்மிங்ஹாமில் இருந்த சத்திரசிகிச்சையாளர்கள், வியட்நாமின் ஹோ சி மின் நகரச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு நடந்த ஒப்பரேசனில் ஐபாட் வழியாகக் கூட நின்றார்கள். அங்கே நீட்டின கை இங்கே திரையில், உண்மையான மூளைக்கு மேல் தெரிந்தது: "இதில, இந்த இடத்தில." அந்த அனுபவத்தை 2016 இல் கட்டுரையாக எழுதினார்கள். ஏ.ஆர். தான், ஆனால் நேற்றைய படம் இல்லை. இந்த நிமிசத்துப் படத்துக்கு மேல் ஒரு மூத்தவரின் விரல். மூளை நகர்ந்தால் விரலும் நகரும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் எங்கட சத்திரசிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். திரும்பி வாங்கோ என்று கூப்பிடுகிறதை விட, கிழமையில் ஒரு பின்னேரம் விரலைத் தாங்கோ என்று கேட்கலாம்.

ஆகவே கனடாவில் இருந்து "எவ்வளவு முடியும்" என்று கேட்ட அண்ணைக்கு: கண்ணாடி வேண்டாம். இரண்டு நல்ல லப்டொப், ஒரு மேசை, சம்பளத்தோடு ஓர் ஆள், இரண்டு வருசத்துக்கு. வைத்தியசாலை ஒத்துக்கொண்டால் மட்டும். நாடா வெட்ட ஒன்றும் இராது, படம் எடுக்கவும் பெரிதாக ஒன்றும் இராது. அதனால் காசு சேருமோ தெரியாது என்று அண்ணையே சொன்னார். உண்மைதான்.

அதுவரைக்கும் காசு தேவையில்லாத ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். போனில் மூளையைக் காட்டும்போது மாமிக்கு என்ன சொல்லுகிறது என்று ஒரு சொற்பட்டியல். கட்டி, நாளம், சவ்வு எல்லாம் பிரச்சினையில்லை. ஒப்பரேசன் நடுவில் மூளை தாழ்கிறதை எப்படிச் சொல்லுகிறது என்பதில்தான் இரண்டு கிழமையாகச் சண்டை. மருத்துவம் படிக்கிறவன் 'மூளைப் பெயர்வு' என்கிறான். அப்பம்மாவிடம் விளக்கிக் கேட்டதற்கு, "பானையில சோறு அமர்ந்துபோறமாதிரியோ? அப்ப அமர்வு எண்டு சொல்லுங்கோவன்" என்றா. இப்போதைக்குப் பட்டியலில் அப்பம்மாவின் சொல்தான் இருக்கு. வேறு நல்ல சொல் தெரிந்தவர்கள் அனுப்புங்கோ.